முப்பத்திரண்டாவது நகர்வு

ஆட்டம் முப்பத்தொன்றாவது நகர்வோடு முடிந்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அத்தானின் நோட்டில் முப்பத்திரண்டு என்று எண்ணிட்டு, எதிரே எதுவும் எழுதாமல் ஒரு வரி இருந்தது.

அக்காதான் நோட்டையும் சதுரங்கப் பலகையையும் கொண்டுவந்து வைத்தாள். "இந்த ஆட்டத்துல அவரு எங்க தப்பு பண்ணித் தோத்தாருன்னு பாத்துச் சொல்லுடா. சாகுற வரைக்கும் அதையேதான் தேடிட்டிருந்தாரு. மருந்துச் சீட்டுல ஒரு புள்ளிய விடாத மனுஷன்."

துணி மடிக்க உள்ளே போய்விட்டாள்.

அவனுக்கு அந்த இடம் தெரியும். பத்தொன்பதாவது நகர்வில் அத்தான் போன் பேச எழுந்துபோனபோது, எப்போதும் தோற்கிற எரிச்சலில் அவன் தன் யானையை ஒரு கட்டம் தள்ளி வைத்தான். திரும்பி வந்தவர் பலகையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நான்தான் தப்பா எழுதிட்டேன் போல, மாப்ள" என்று சிரித்து, சரியாக எழுதியிருந்ததை அடித்துவிட்டுத் தப்பை எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் மருந்துக்கடை வேலையை விட்டார். மறதிக்காரன் மருந்து கொடுத்து யாராவது செத்துவிட்டால் என்ன செய்வது என்றாராம். பிறகு வாசல் தாண்டவே இல்லை.

நோட்டைப் பார்த்துப் பார்த்துக் காய்களை நகர்த்தினான். திரைச்சீலை வழியே வந்த மதிய வெயில் பலகையில் மங்கலாகக் கிடந்தது, எதிர் நாற்காலியிலிருந்து மருந்துக்கடை வாசனை மெல்ல எழுந்து அவன் மூக்கை எட்டியது, உள்ளே அக்கா துணியை உதறும் ஓசை நின்று நின்று வந்தது. முப்பத்தொன்று. கையை எடுத்தான்.

காகிதத்தில் பேனா கீறும் சத்தம்.

காலியான வரி நிரம்பியிருந்தது. அத்தானின் குண்டுக் கையெழுத்து. ஈர மை. யானை, பழைய கட்டத்துக்கு.

பலகையைப் பார்த்தான். யானை அந்தப் பழைய கட்டத்துக்குத் திரும்பியிருந்தது. அவன் தொடவில்லை.

"கண்டுபிடிச்சியா?" அக்காவின் குரல்.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான்.

"அவருதான்க்கா. மறந்துட்டாரு."

"ம்." உள்ளே இன்னொரு துணியை உதறினாள். "அப்போ அவரு பயந்தது சரிதான்."

அவன் நிமிர்ந்தான்.

பலகைக்கு மேலே, எதிர் நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. தோற்றவர் முதலில் நீட்டும் கை. மணிக்கட்டுக்கு அப்பால் யாருமில்லை. விரல்களில் மை. கோபமில்லை அதில். தன் மறதிக்கு மன்னிப்புக் கேட்பதுபோல், அவன் கைக்காகக் காத்து, நீண்டபடியே இருந்தது.