பனி எடுக்கப்பட்ட பள்ளத்தாக்கு

ஆகஸ்ட் ஏழாம் தேதி, புதன்கிழமை காலை, மூன்றாவது மாடி வீட்டில், நீண்ட நடைவழியின் கோடியில் இருந்த அறைக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பள்ளத்தாக்குப் படத்திலிருந்து பனியை எடுத்துவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

அறையில் உட்கார்ந்திருந்தவன் திரைப்படங்களுக்குக் கணினியில் நிலக்காட்சி வரைபவன். நடிகர்கள் பச்சைத் துணிக்கு முன்னால் நின்று நடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் மலையோ பாலைவனமோ எரிந்த நகரமோ இருந்தாக வேண்டுமென்றால் இவன் வரைவான். அலுவலகத்தில் அவனுக்குப் பனிக்காரர் என்று பெயர். அவன் படங்களில் எங்காவது ஒரு பக்கம் பனி இறங்கியிருக்கும். பார்க்கிறவர்கள் அதை அவனுடைய பாணி என்றார்கள். பாணியும் இல்லை ஒன்றும் இல்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும். முன்னால் இருக்கும் பாறைகளை உயிரைக் கொடுத்து வரைவான். நடுவில் வரும் மரங்களைக் கைப்பழக்கத்தில் வரைவான். அதற்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று யோசித்தாக வேண்டிய இடம் வந்ததும் கை நின்றுவிடும். அங்கே பனியைப் போட்டு மூடிவிடுவான். இத்தனை வருடங்களில் அவனுக்கு வரைய வராதது, வரையப் பிடிக்காதது, நினைத்துப் பார்க்கவே பயந்தது எல்லாம் அந்த வெள்ளைக்குப் பின்னால்தான் போய்ச் சேர்ந்திருந்தன.

இந்த முறை கேமரா பனிக்குள் நுழைந்து பள்ளத்தாக்கின் அடிவரை போகப்போகிறதாம்.

தொலைபேசியில் பேசிய அலுவலகத் தலைவனுக்கு முப்பது வயதுகூட இல்லை. எந்நேரமும் அலுத்துப்போன குரலில் பேசுவதால் எல்லோரும் தாத்தா என்றே கூப்பிட்டார்கள். அவனும் பழகிக்கொண்டான்.

"பின்னாடி என்ன இருக்குன்னு டைரக்டர் கேக்குறார் சார்."

"பனி இருக்கு தாத்தா."

"அது எங்களுக்கும் தெரியுது. பனிக்குப் பின்னாடி?"

"வரைஞ்சு பாத்துட்டு சொல்றேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. இதுவும் இழுத்துக்கிட்டே போச்சுன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடலாம்னு பேசிக்கிறாங்க. நான் சொல்லலை. மேல சொல்றாங்க."

கணினி ஓவியம் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தகடுகள் மாதிரி. ஒவ்வொரு தகட்டையும் லேயர் என்பார்கள். வானத்துக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, மரங்களுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே பனிக்கு ஒன்று. எதை வேண்டுமானாலும் தனியாக மறைக்கலாம், மங்கலாக்கலாம். அவன் பனியின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்தான். அதற்குப் பின்னால் வெறும் சாம்பல் பூச்சுதான் இருக்க வேண்டும். அவன் அவ்வளவுதான் போட்டிருந்தான்.

அங்கே ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது.

திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான். வளைவில் கணினிப் பேனாவை லேசாக இழுத்துவிடும் அவனுடைய பழக்கம் அப்படியே அதில் இருந்தது. மற்ற லேயர்களை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தான். பாதை எதிலும் இல்லை. பனியைக் குறைத்தால் மட்டும் இருந்தது. எப்போதோ வரைந்து மறந்திருப்போம் என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டபோது கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. ஆனாலும் நல்ல பாதை. கால் வைத்தால் மண் உதிரும் என்று தோன்றும்படியான பாதை. அப்படி ஒன்றை அவன் வரைந்து பல காலம் ஆகியிருந்தது.

மனைவி இருட்டத் தொடங்கும்போது வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது அவள் வேலை. பகலெல்லாம் இருட்டறையில் நின்று அடுத்தவர் கண்ணைப் பார்த்துவிட்டு வருகிறவள், வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லா விளக்கையும் போட்டுவிடுவாள். அன்றும் போட்டாள். போட்டுவிட்டு நடைவழியிலேயே நின்றாள்.

"ட்யூப்லைட்டை மாத்தணுங்க. மங்கலா இருக்கு."

"நல்லாத்தானே எரியுது."

"உங்களுக்கு என்னைக்குமே நல்லாத்தான் தெரியும். ஒருநாள் கடைப்பக்கம் வாங்க, போர்டுல இருக்கற முதல் பெரிய எழுத்துலயே தடுக்கி விழுவீங்க." மூக்கை உறிஞ்சினாள். "என்ன இது, ஈர வாசனை? குழாய் எங்கயாவது ஒழுகுதா?"

எந்தக் குழாயும் ஒழுகவில்லை. இருவருமாகத் தேடிப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை முழுவதும் அவன் பனியை இழை இழையாகக் குறைத்துக்கொண்டிருந்தான். பாதை சரிவில் இறங்கி ஓர் ஓடையைத் தொட்டது. ஓடையில் கற்கள், கற்களின் ஈரத்தில் பாசி, பாசியின்மேல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒரு பழுத்த வெளிச்சம், அக்கரையில் இடுப்பளவு கோரைப்புல், புல்லில் யாரோ சற்றுமுன் நடந்து போனதுபோல ஒரு வகிடு. பேனாவைத் தொடாமலே எல்லாம் வந்தது. இளவயதில் தாளும் கரிக்கோலுமாக மலையேறி, விரல் விறைக்க விறைக்க உட்கார்ந்து அவன் தேடியது இதைத்தான். கிடைக்காமல் கீழே இறங்கி வந்தவன், அதன்பிறகு மலையேறவே இல்லை. இப்போது அது தானாக வந்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. இது நான் வரைந்ததல்ல என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. யாரிடம் சொல்வது?

கோரைப்புல்லுக்கு அப்பால் மரங்களின் நடுவே நெட்டுக்குத்தாக ஒரு பட்டமரம் நின்றது. கிளை கிடையாது, உச்சி கொஞ்சம் சாய்ந்திருந்தது. அடியில் நிழல் விழவில்லை. பிழைதான், திருத்திவிடலாம் என்று நினைத்தான். காப்பி போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது மரம் கோரைப்புல்லுக்கு இந்தப்பக்கம் இருந்தது. முன்பும் இங்கேதான் இருந்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டு காப்பியைக் குடித்தான்.

மாதிரிக்கு ஒரு துண்டை அனுப்பினான். தாத்தாவின் குரலில் முதல்முறையாக அலுப்பு இல்லை.

"இவ்வளவு நாள் இதை எங்க சார் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

வெள்ளிக்கிழமை மனைவிக்கு வார விடுமுறை. காலையில் துவைத்த துணிகளை நடைவழியில் கம்பி ஸ்டாண்டில் உலர்த்தியிருந்தாள். மத்தியானம் தொட்டுப் பார்த்துவிட்டு, துவைத்தபோது இருந்ததைவிட இப்போது ஈரம் அதிகம் என்றாள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் வீட்டுக்குள் சுவர்களின் மூலைகள் கூர்மை இழந்து, பஞ்சு அடைத்ததுபோல எல்லாச் சத்தமும் அமுங்கி, சமையலறைக் குழாய் மூன்று தெரு தாண்டி ஒழுகுவதுபோலக் கேட்டது. மக்கிய இலையின் வாசனை, அடியில் ஏதோ நாட்பட்ட கசப்போடு, துணியிலும் தலைமயிரிலும் ஏறியிருந்தது.

"என்னங்க."

"சொல்லு."

"நீங்க எங்கயோ தூரத்துல இருந்து பேசற மாதிரி இருக்கு."

அப்போதுதான் அவனுக்கு அந்த எண்ணம் வந்தது. வந்ததும் கை தானாக நகர்ந்தது. பனியின் அடர்த்தியைப் பழையபடி முழுதாக ஏற்றினான். படம் வெளுத்தது. நடைவழி தெளிந்தது. சுவரில் மாட்டிய நாட்காட்டியின் எழுத்து, செருப்பு வைக்கும் பலகை, ஈரச் சட்டையின் பொத்தான், எல்லாம் கழுவி வைத்ததுபோலத் தெரிந்தன.

"ஆ, இப்ப சரியாயிடுச்சு," என்றாள். குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. "என்ன பண்ணீங்க?"

அவன் மறுபடி குறைத்தான். நடைவழியின் கோடி மங்கியது. ஏற்றினான். தெளிந்தது. படத்திலிருந்து எடுக்கிற பனி எங்கே போகிறது என்பதில் அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். திரையை அணைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிக் கடைத்தெருவுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. அந்தப் பள்ளத்தாக்கு தன் பேரில் ஒரு தடவை உலகத்துக்குத் தெரிந்துவிட வேண்டும் என்று இருந்தது. பனியை முழுக்க எடுக்க வேண்டும், சேமிக்க வேண்டும், அனுப்ப வேண்டும், உடனே திரும்பப் போட்டுவிட வேண்டும். ஒரு காப்பி குடிக்கிற நேரம். அதற்குள் என்ன ஆகிவிடும்?

முழுக்க எடுத்தான்.

நடைவழியிலிருந்து அவள் குரல் வந்தது. "விளையாடாதீங்க. ஒண்ணுமே தெரியலை."

"ரெண்டு நிமிஷம். அங்கயே நில்லு."

"இங்க யாரோ நிக்கிறாங்களா?"

"துணி ஸ்டாண்டா இருக்கும்."

"ஸ்டாண்டை நான் கையில புடிச்சிருக்கேன்."

அவன் வேகமாக வேலை செய்தான். வேகமாகச் செய்யும்போது கை பழக்கப்படிதான் போகும். லேயர்களைப் பிரித்துக் கொடுத்தால் அலுவலகத்தில் ஆளாளுக்குக் கை வைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று, எப்போதும் எல்லாவற்றையும் ஒரே தகடாகச் சேர்த்துத்தான் அனுப்புவான். சேர்க்கும்போது மறைந்திருக்கும் லேயர்களைத் தூக்கிப்போட்டுவிடவா என்று கணினி கேட்கும். எப்போதும்போல ஆம் என்று அழுத்தினான். சேமித்தான். அனுப்பினான். மூடினான்.

மறுபடி திறந்தபோது ஒரே ஒரு லேயர் இருந்தது.

பனி இல்லை. செய்ததைத் திரும்பப் பெற வழி இல்லை. படத்தை மூடிவிட்டால் அதன் பழைய நிலைகளும் சேர்ந்து போய்விடும். வேறு பிரதி வைத்திருக்கவில்லை.

அறைக்கதவு வெள்ளையாக இருந்தது. கதவு நிறத்து வெள்ளை அல்ல.

அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"இங்கதான் இருக்கேன்," என்றாள். தூரம். "நீங்க எங்க இருக்கீங்க?"

சுவரைத் தடவிக்கொண்டு நடைவழியில் இறங்கினான். நாட்காட்டி விரலில் பட்டது. பிறகு சுவரின் சில்லிப்பு. பிறகு சுவர் இல்லை. கை காற்றில் நின்றது. காலுக்குக் கீழே தரை அமுங்கியது. எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம். புல் விலகும் சத்தம். அவள் மூச்சு இல்லை அது. அவள் மூச்சு அவனுக்குத் தெரியும்.

நின்றான்.

திரும்பி வந்துவிட்டான்.

அறையில் திரை மட்டும் தெளிவாக எரிந்தது. ஓடையைத் தாண்டிக் கோரைப்புல்லில் ஓர் உருவம் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் போடும் பழைய மஞ்சள் சட்டை. கையில் துணி மாட்டும் கிளிப். நாலாபக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒளிந்துகொள்ள ஒரு புதர் இல்லை. எல்லா இலையும், எல்லாக் கல்லும் பளிச்சென்று இருந்தன. அவளும் பளிச்சென்று இருந்தாள். பட்டமரம் முன்பு நின்ற இடத்தில் இல்லை.

பனி எதை மூடி வைத்திருந்தது என்பது புரிந்தது. யாரிடமிருந்து எதை என்பதும்.

புதிய லேயர். பழைய தூரிகை. வரைந்தான். கைக்கு நன்றாகத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். ஓடையின்மேல் போட்டான். புல்லின்மேல். அவள்மேல். தடிமனாக. இன்னும். அவள் தலை மறையும்போது அவன் பக்கம் திரும்பியதுபோல இருந்தது. மூடினான்.

படம் முழுக்க வெளுத்தது.

அவன் முதுகுக்குப் பின்னால் வீடு தெளிந்தது. நடைவழி கோடிவரை தெரிந்தது. துணி ஸ்டாண்ட். ஒரு கை மட்டும் கம்பியில் மாட்டிய ஈரச் சட்டை. சமையலறைக் குழாயின் சொட்டு, பக்கத்தில். நடைவழியில் யாரும் இல்லை.

பனியைக் குறைத்துப் பார்க்கக் கை போனது. குறைத்தால் அவளைப் பார்க்கலாம். அவன் பார்த்தால் அந்தப் பட்டமரமும் அவளைப் பார்க்கும். கையை மடியில் வைத்துக்கொண்டான்.

தொலைபேசி அடித்தது.

"சார், படம் வந்துடுச்சு. பெரிய ஸ்க்ரீன்ல போட்டு எல்லாருமா பாத்துட்டு இருக்கோம்."

அனுப்பியதில் பனி இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அதை மூடுங்க தாத்தா."

"என்னது?"

"அதை மூடுங்க. அழிச்சிடுங்க. பனியோட வேற ஒண்ணு அனுப்பறேன்."

"பனி வேண்டாம்னுதானே சார் மூணு நாளா கெஞ்சிட்டு இருக்கோம். அருமையா இருக்கு. அளவு தெரியறதுக்காக அந்தப் பொம்பளையை வெச்சீங்களா? இருக்கட்டும்னுட்டார் டைரக்டர். ஓடற மாதிரி வெச்சிருக்கீங்க பாருங்க, அதுதான் எல்லாருக்கும் புடிச்சிருக்கு."

வெளுத்துக் கிடந்த தன் திரையை அவன் பார்த்தான்.

"ஒரே ஒரு சந்தேகம். மரத்தை இவ்வளவு பக்கத்துல கொண்டுவரணுமா? கிளை அவ கழுத்து மேல விழுது."

"அந்த மரத்துக்குக் கிளை கிடையாது," என்றான்.

மறுமுனையில் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. பெரிதாக்கிப் பார்க்கிறான் போலிருக்கிறது.

"இருக்கே சார்," என்றான் தாத்தா. "ரெண்டு."

படம் அன்று மாலை திருத்தம் ஏதுமின்றி ஏற்கப்பட்டது.