மஞ்சள் பொட்டு வைத்த பெட்டி

"ஐயோ... பெட்டியக் காணோமே!"

பொன்னியம்மாவின் அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

திருமழிசைத் தொழிற்பேட்டை. பழைய பேட்டரிகளைப் பிரித்து, கோபால்ட்டையும் லித்தியத்தையும் மீட்கும் சின்னக் கம்பெனி.

காணாமல் போனது, லேப்டாப் பேட்டரிகள் அறுபது அடங்கிய பெட்டி!

காலை ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டர் தங்கராஜ் ஜீப்பை விட்டு இறங்கினார். மேனேஜர் குணசேகரனின் விரல் தயாராக நீண்டது.

"ஸ்டோர் சாவி இவகிட்டதான் சார். பேரு சபீனா. இதோட மூணு பெட்டி காணாமப் போச்சு. புடிச்சி உள்ள வைங்க!"

"சாவி உங்ககிட்டயும் ஒண்ணு கீதே சார்!" என்றாள் சபீனா.

"பாத்தீங்களா, வாயப் பாத்தீங்களா?"

தங்கராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணி வரைக்கும் டைம்மா. பெட்டி வரலைன்னா நீ ஜீப்ல ஏறணும்."

கான்ஸ்டபிள் அலமாரிகளைக் குடைந்தார். சாப்பாட்டுத் தூக்குகளைத் திறந்தார். பொன்னியம்மாவின் பையைக் கவிழ்த்தார். விழுந்தது... நாலு வெற்றிலை!

"அத்தயும் கேஸ்ல எழுதிக்கோ நைனா!"

இன்ஸ்பெக்டருக்கு டீ வந்தது. அவர் ஊதிக் குடிக்கும் நேரத்தில், இரண்டு பெண்களும் ஓரமாய் நின்று ஏதோ முணுமுணுத்தார்கள்.

மணி பத்து.

"வாம்மா, போலாம்..."

"சார்!" பொன்னியம்மா குறுக்கே விழுந்தாள். "நான் ஒரு தப்பு பண்ட்டேன் சார்!"

"நீயா திருடுன?"

"சேச்சே! பொட்டு வச்சேன் சார்!"

தங்கராஜ் விழித்தார். சபீனா விளக்கினாள்.

"பழைய பேட்டரில மிச்சம் கரண்ட் இருக்கும் சார். உப்புத் தண்ணில ரெண்டு நாள் ஊறுனாதான் வடியும். ஊறுன பெட்டிக்கு இவங்க மஞ்சப் பொட்டு வைப்பாங்க. பொட்டு இல்லாத பெட்டிய இங்க எவனும் தொடமாட்டான்."

"காணாமப் போன பெட்டிக்குப் பொட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்... அதான் வெனை!" பொன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நேத்து பத்தரைக்கு ராகு காலம். நல்ல நேரத்துலயே பொட்ட வச்சுட்டு, அப்பால ஊறப் போடலாம்னு இருந்தேன். மறந்தே பூட்டேன்! அது ஊறாத பெட்டி சார்!"

"அல்லா!" சபீனா வாயைப் பொத்தினாள். "அதுல பாதி வீங்குன பேட்டரி! வெயில்ல மட்டும் இருந்துச்சுன்னா..."

"என்ன ஆகும்?"

"திருடனோட இடமே பத்திக்கும் சார்!"



குணசேகரனின் நெற்றியில் வியர்வை அரும்பியது. ஜன்னல் வழியே பார்த்தார். முற்றத்து வெயிலில் அவருடைய புதுக் கார் தகதகத்தது!

"மேனேஜர் சார், ஏன் இப்படி வேர்க்குது?" என்றார் தங்கராஜ்.

"ஒண்ணுமில்ல... ஒண்ணுமே..."

ஓடினார்!

டிக்கியைத் திறந்தார். மஞ்சள் பொட்டு வைத்த பெட்டியை வாரி மார்போடு அணைத்தார். ஐம்பது வயதில் அப்படி ஒரு ஓட்டம்!

"மணல்! யாராச்சும் மணல் கொட்டுங்கடா!"

தங்கராஜ் நிதானமாக நடந்து வந்தார். புகார் கொடுத்தவரின் காரை யாரும் சோதிக்கவில்லை என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"பெட்டிய எறக்கி வைங்க சார். கைய மட்டும் நீட்டுங்க."

"ஐயோ, விலங்க அப்புறம் மாட்டுங்க! மொதல்ல இத மூடுங்க... வெடிக்கப் போவுது!"

சபீனா முதல்முறையாகச் சிரித்தாள்.

"நேத்து வியாழக்கிழமை சார். வியாழன்ல ராகு காலம் ஒன்றரைக்கு மேலதான். பத்தரை வெள்ளிக்கிழமைக்கு!"

"அடிப்பாவி! ராகு காலமெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாலு வருஷமா இவங்க பக்கத்துல நின்னு வேல பாக்கறேனே சார்!"

குணசேகரனின் வாய் கோணியது. "அப்ப... இது ஊறுன பெட்டியா? வெடிக்காதா?"

பொன்னியம்மா, பொறுக்கி வைத்திருந்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"பொட்டி எங்க வெடிக்கும் நைனா... நீதான் வெடிச்சிட்டியே!"