சிவப்பு மையில் அடித்த எண்

எண்ணை வாசித்து முடித்த கணத்தில், ஆவணக் காப்பகத்தின் கடைசி அடுக்குகளுக்கு அப்பால் இரண்டு குதிகால்கள் ஒன்றோடொன்று மோதிய ஓசை கேட்டது.

ஆய்வாளர் தலை நிமிர்ந்தாள். ஜன்னலற்ற அந்த நிலவறையில் அவளையும் எதிரே அமர்ந்திருந்த தட்டச்சரையும் தவிர எவரும் இல்லை. கடல் கடந்து போய்க் காலனியப் படையில் சேர்ந்தவர்களின் வருகைப் பதிவேட்டை அவள் உரக்க வாசிக்க, அவர் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆட்களைப் பெயரால் அல்ல, எண்ணால் அழைத்த படை அது; சிவப்பு மையில் கோடிட்டு அடிக்கப்பட்ட எண்களை அன்று அங்கேயும் அழைத்ததில்லை. இவர்களும் தாண்டிச் செல்வதே வழக்கம். இன்று அவள் தாண்டவில்லை.

“ஏம்மா, அடிச்ச ஆளையுமா கூப்பிடுறே? வந்து நின்னாருன்னா டீக்காசு நீதான் கொடுக்கணும்.”

“எங்க அப்பாவோட தாத்தாண்ணே. செத்தாரா, ஓடிப்போனாரான்னு யாருக்கும் தெரியாது. ஓடுகாலி வம்சம்னு கேட்டுக் கேட்டே வளர்ந்தவரு அப்பா. இப்ப படுத்த படுக்கை. கண்ணை மூடறதுக்குள்ள அவருக்கு ஒரு பதில் சொல்லணும்.”

“சொல்லு, வேணாங்கல. ஆனா அவரையும் எண்ணினா, அடியில போட்டிருக்கிற மொத்தம் இடிக்குதே. ஒரு ஆள் கூடுது. அவரைச் சேர்த்தா வேற யாரையாவதுதான் அடிக்கணும்.” சிரித்துக்கொண்டே தட்டச்சர் டீ குடிக்கப் படியேறிப் போனார்.

குறிப்புக் கட்டம் வெறுமையாக இருந்தது. கோட்டின் அடியில் ஏதேனும் எழுத்து மறைந்திருக்குமோ என்று விளக்கை அருகே இழுத்து, விரலால் தடவிக்கொண்டே, தன்னை அறியாமல் அவள் அந்த எண்ணை மறுபடி உச்சரித்தாள். பழைய தாளின் புளித்த வாடைக்குள், நனைந்து காயாத கம்பளியின் நாற்றமும் துப்பாக்கி எண்ணெயின் நெடியும் மெல்ல ஊறி வருவதை, மூக்கு உணர்ந்து வெகுநேரம் கழித்தே மனம் உணர்ந்தது.

“ஆஜர்.”

அடுக்குகளுக்கு உள்ளிருந்து. வறண்ட குரல்.

தாளைப் பார்த்தாள். சிவப்புக் கோடு இல்லை. அழித்த தடமும் இல்லை. விரல் நுனியில் ஈரம். சிவப்பு.

ஒரு ஆள் கூடுது.

கைபேசி அதிர்ந்தது. அம்மா.

“அடியே, அப்பா எழுந்துட்டாருடி! ஒரு வருஷமா காலை அசைக்காத மனுஷன்... யாரோ கூப்பிட்ட மாதிரி ‘ஆஜர்’னாரு. விறைப்பா நடந்து வாசலைத் தாண்டிட்டாரு. பின்னாலயே ஓடினேன், தெருவுல ஆளைக் காணோம். அங்க வந்தாரா?”

கைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள்.

மீண்டும் குதிகால் ஓசை. இம்முறை இரண்டு ஜோடி. ஒன்று தோலும் ஆணியும். மற்றது வெறும் சதை.

குனிந்து பார்த்தாள்.

கடைசி அடுக்கின் கீழே, சேறு சொட்டும் பூட்ஸ். பக்கத்தில் இரண்டு வெறுங்கால்கள். சூம்பியவை. காலையில் அவள் எண்ணெய் தேய்த்துவிட்ட பளபளப்பு இன்னும் போகாதவை.

குதிகால் சேர்த்து. விறைத்து.

கணுக்கால்களின் குறுக்கே, காயாத ஒரு சிவப்புக் கோடு.