இரண்டு இழுப்பு

ஏரியல் ஒயரை இன்னும் மரத்தில் கட்டவே இல்லை. அதற்குள் ரேடியோ பேசியது.

ரப்பர் ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கும் புகைக்கூடத்தின் மூலையில், புளித்த ரப்பர் பாலின் நெடியும் ஈர விறகின் புகையும் கண்ணைக் கரிக்க, சன்னாசி காதுக்கருவியை அழுத்திப் பிடித்தபடி குந்தியிருந்தான். தோட்டத்து இஞ்சின் கொட்டகையில் ஒயர் வேலை பார்ப்பவன். பெடாஸ் சதுப்பில் விழுந்த சின்ன விமானத்திலிருந்து இந்த ரேடியோவை அவனும் தம்பி மாயாண்டியும்தான் கழற்றினார்கள். விமானத்தில் ஏரியலை இஞ்சினை விட்டு விலக்கி, இறக்கை நுனியிலிருந்து வாலுக்கு இழுத்திருந்தார்கள். காரணம் பிறகு புரிந்தது. ஒயருக்குப் பக்கத்தில் எந்த இஞ்சின் ஓடினாலும் காதில் டிக் டிக்கென்று விழும். ஜப்பான்காரன் லாரி வருவதைக்கூட அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

மரமேறி ஒயரைக் கட்டுவது மாயாண்டி. கட்டியதும் இரண்டு முறை இழுப்பான். தயார் என்று அர்த்தம். போன மாதம், ரேடியோ கேட்டதற்காக, ஜப்பான்காரர்கள் அவனைப் பிடித்துப் போனார்கள். அடித்துக் கேட்டும் அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. தலையைப் பெடாஸ் ரோட்டில் கம்பத்தில் வைத்தார்கள். உடல் கிடைக்கவே இல்லை.

நாளைக் காலை தோட்டத்தில் நாற்பது பேரைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றப்போகிறார்கள். ரங்கூன் ஜப்பான்காரன் கையைவிட்டுப் போயிருந்தால் யாரும் லாரி ஏறுவதில்லை, காட்டுக்குள் போய்விடுவது என்று தொழிலாளர் லயத்தில் பேசி வைத்திருந்தார்கள். இன்று மாலைச் செய்தியைக் கேட்டே ஆகவேண்டும்.

அவன் மனைவி தாயம்மா கதவில் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஒயரு புல்லுல கெடக்கு. என் காலு தடுக்குச்சு. கட்டலியா?"

"கட்டலாம். நீ பின் பலகைச் சுவருக்கு அந்தாண்ட நில்லு. சேதி வந்ததும் சொல்றேன்."

அவள் போனாள். ரேடியோக் குரல் இன்னும் தெளிந்தது. தரையில் துவண்டு கிடந்த ஒயர் மெல்ல எழுந்து விறைத்தது.

ஒரு இழுப்பு. இன்னொன்று.

சன்னாசி ஒயரைக் கையில் பிடித்துப் பார்த்தான். கூடவே காதில் டிக். டிக். லாரி. ஒயரைச் சுருட்டியாக வேண்டும். அதைப் பிடித்தபடியே முன்பக்கம் போனான்.

மழை இருட்டு. பால் மரங்கள். ஒயர் எந்த மரத்திலும் கட்டியிருக்கவில்லை.

இரண்டு கைகள் அதை உயர்த்திப் பிடித்திருந்தன. மாயாண்டியின் காக்கிச் சட்டை. காலருக்கு மேலே ஒன்றுமில்லை.

ஓடத்தான் தோன்றியது. கம்பத்தில் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. ஆத்திரம் பயத்தை விழுங்கியது.

"புடிச்சுக்க லா, தம்பி. விட்டுறாத. நானும் ஒயர எறக்க மாட்டேன்."

உள்ளே திரும்பினான். டிக் டிக் டிக். அதற்கு நடுவே செய்தி வாசிப்பவர் சொன்னார். ரங்கூன் விழுந்தது.

"ரங்கூன் போயிருச்சு!" பின் பலகையைப் பார்த்துக் கத்தினான். "ஓடு! லயத்துல சொல்லு!"

தாயம்மாவின் காலடிகள் ஓடின. சன்னாசி வாய்விட்டுச் சிரித்தான்.

டிக் நின்றது.

பூட்ஸ் சத்தம். ஓர் அதட்டல். பாதியில் அது அலறலானது. பிறகு மழை மட்டும்.

ஒயர் தாழவே இல்லை. இரண்டு இழுப்பு வந்தது.

சன்னாசி கதவைத் திறந்தான். கைகள் ஒயரை உயர்த்திப் பிடித்தபடியே இருந்தன. காலருக்கு மேலே இப்போது ஒரு தலை. ஜப்பான்காரன் தொப்பி போட்ட தலை. வாய் திறந்தபடி.

அது தம்பியுடையது இல்லை.