முழுநேர ஆட்டக்காரர்கள்

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு எதிர்வரிசை மருந்துக்கடையின் ஷட்டர் இறங்கியது. பதினோரு வருஷத்தில் அந்தக் கடை பகலில் மூடி அவன் பார்த்ததில்லை. தன் அப்பா இறந்த அன்றுகூடப் பாதி ஷட்டரைத் தூக்கிவைத்து மாத்திரை கொடுத்தவர் அந்தக் கடைக்காரர். இப்போது பூட்டுக்கூடப் போடாமல், சாவிக்கொத்தைப் படியிலேயே வைத்துவிட்டு, வெறுங்காலோடு தெருமுனை திரும்பிப் போய்விட்டார்.

ஜன்னலோரம், கட்டுப்போட்ட இடது காலை ஸ்டூலில் நீட்டியபடி அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவன் வேலை. ஊரார் எலும்பையெல்லாம் படமெடுத்தவன், பல்பு மாற்றப்போய் ஏணியிலிருந்து விழுந்து தன் எலும்பையே படமெடுக்கக் கொடுத்ததை மனைவி இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆறு வாரம் வீட்டோடு. பொழுது போகக் கம்ப்யூட்டரில் ஒரு கால்பந்து விளையாட்டு. அதில் பந்தை உதைக்க வேண்டியதில்லை. மேனேஜராக உட்கார்ந்து யார் ஆடுவது, எவ்வளவு பயிற்சி, யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவெடுத்தால் போதும்.

கடைசி லீக்கில் கடைசி இடத்திலிருந்த கிளப்பைத்தான் வேண்டுமென்றே எடுத்தான். ஆட்டக்காரர்கள் எல்லோரும் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் வந்து பந்து உதைத்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களுடைய பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, ஜன்னல் வழியே தினம் பார்க்கிறவர்களின் பெயர்களைப் போட்டான். மருந்துக்கடைக்காரர் தடுப்பாட்டம். பன்னிரண்டாம் நம்பர் பஸ் டிரைவர் வலது ஓரம். கீழ்வீட்டுத் தையல்காரர் நடுவில். கோல்கீப்பராக, அவன் வீட்டிலேயே தங்கியிருக்கும் மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக்.

"என்னை ஏன் மாமா கோல்ல நிறுத்துனீங்க?"

"வீட்லயும் நின்ன இடத்துலதானடா நிக்கறே."

இரண்டு தடவை மேல் லீக்குக்கு ஏறினார்கள். திங்கட்கிழமை மாலை, அவன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததற்குக் கிளப் நிர்வாகம் சம்மதித்தது. இனி இது முழுநேரக் கிளப். ஆட்டக்காரர்கள் வேறு எந்த வேலையும் செய்யமாட்டார்கள். உறுதியா என்று கேட்ட கட்டத்தில் 'ஆம்' என்பதை அழுத்திவிட்டு, தனக்குத்தானே கைதட்டிக்கொண்டான்.

புதன்கிழமை காலை பன்னிரண்டாம் நம்பர் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றது. நின்றபடியே இருந்தது. உள்ளே ஆட்கள் மணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்க, டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் திறந்து கிடந்தது. சற்று நேரத்தில் கீழ்வீட்டுத் தையல் மெஷினின் ஓட்டம் பாதித் தையலில் அறுந்ததுபோல் நின்றது. அதற்கப்புறம் அந்தச் சத்தம் வரவே இல்லை.

மதியம் மச்சினன் வந்தான். தோளில் டூல் பை இல்லை.

"என்னடா, லீவா?"

"வேலையை விட்டுட்டேன் மாமா."

"ஏன்? சண்டையா?"

"முழுநேரம்னு சொல்லிட்டீங்களே." குரலில் கோபமில்லை, கேலியில்லை. விலாசம் சொல்வதுபோல் சொன்னான்.

கிளப் முழுநேரமானதை வீட்டில் யாரிடமும் அவன் சொல்லியிருக்கவில்லை. வாயைத் திறப்பதற்குள் மச்சினன் செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

அப்புறம்தான் அந்தச் சத்தம். வீட்டுக்குப் பின்னாலிருந்து, ஈரத்துணியைத் தரையில் அடித்து அடித்துத் துவைப்பதுபோல், இடைவெளி மாறாமல், மூச்சு வாங்காமல் வந்துகொண்டேயிருந்தது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்னறை ஜன்னலுக்குப் போனான். மழை பிடித்திருந்தது. சேற்று வாடை முகத்தில் அடித்தது. காலி மைதானத்தில் பதினோரு பேர் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு கால்கள், ஒரே சத்தம். அறுபதை நெருங்கும் தையல்காரரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவித் தொங்கியது. அதைச் சரிசெய்ய அவர் கையைத் தூக்கவில்லை.

விளையாட்டில் பயிற்சியை ஆகக் கடுமையான அளவில் அவன்தான் வைத்திருந்தான். ஓடமுடியாமல் நொண்டி நொண்டி முன்னறைக்குப் போய் அதைப் பூஜ்யத்துக்குக் குறைத்தான்.

சத்தம் நின்றது.

திரும்ப வந்து எட்டிப் பார்த்தான். பதினோரு பேரும் மழையில் அசையாமல் நின்று அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்கள். ஒரே ஒரு கணம் அவன் மனசுக்குள் ஏதோ குளிர்ந்தது. வாழ்க்கையில் யாரும் அவன் பேச்சை இப்படிக் கேட்டதில்லை. மறுகணம் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

முன்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்து பார்த்தான். அவர்கள் நகரவில்லை. மறுபடி போட்டு, பழையபடி பகுதிநேரமாக்க வழி தேடினான். இல்லை. மிஞ்சியது ஒன்றுதான். மருந்துக்கடைக்காரரின் பெயருக்குப் போய் 'விடுவி' என்பதை அழுத்தினான். பின்னறைக்கு நொண்டிப் போய்ப் பார்த்தபோது, மைதானத்தில் ஓர் ஆள் வரிசையிலிருந்து பிரிந்து நடந்துகொண்டிருந்தார்.

பத்து நிமிஷத்தில் கடைக்காரரின் மனைவி போன் செய்தாள்.

"அண்ணே, இவரு வீட்டுக்கு வந்துட்டாரு. ஆனா... யாரு நீங்கன்னு என்னைக் கேக்கறாரு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, அப்படி யாருமில்லைங்கறாரு. கண்ணைக்கூட இமைக்கலண்ணே. நீங்க ஆஸ்பத்திரியிலதானே இருக்கீங்க, எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது?"

போனை வைத்தான். மச்சினனின் பெயர்மேல் வைத்திருந்த விரலை மெல்ல எடுத்தான்.

பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் மனைவிக்குப் போன் போட்டான்.

"உடனே வா."

"என்னங்க, குரலே ஒரு மாதிரி இருக்கு? கால் வலிக்குதா?"

"நீ வா. வந்து சொல்றேன்."

"ஒரு பல்லு பாக்கி இருக்கு. அதைப் புடுங்குனதும் கிளம்பிடறேன்." சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்தது.

யாரையும் அனுப்பக்கூடாது. தான் போய்விட வேண்டும். மேனேஜரே இல்லாவிட்டால் கிளப் ஏது? 'பதவி விலகு' என்ற வரியைத் தேடிக் கண்டுபிடித்தான். உறுதியா? ஆம்.

மழைச் சத்தம் மட்டும். பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மச்சினனின் குரல், "நான் எப்படி இங்க...?" என்றது. அவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான்.

கண்ணைத் திறந்தபோது திரையில் புதிய செய்தி.

புதிய மேனேஜர் பொறுப்பேற்றுக்கொண்டார்.

பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே, அணியைப் பெரிதாக்குகிறார் என்று ஒரு வரி. அதற்கும் கீழே பெயர்கள். அவன் எதையும் தொடவில்லை. பட்டியல் தானாக ஓடியது. நிற்காமல் ஓடியது.

தெருவில் ஒரு ஷட்டர் இறங்கியது. அடுத்து இன்னொன்று. அடுத்தடுத்து. தெரு முழுக்க.

மனைவியின் நம்பரை அழுத்தினான். மணியடித்தது. காதில் மட்டுமல்ல. ஜன்னலுக்கு நேர்கீழே, நடைபாதையில் நனைந்துகொண்டு தனியாகக் கிடந்த கைப்பைக்குள்.

ஊன்றுகோல் நழுவியது. சுவரோரமாகத் தவழ்ந்து பின்னறைக்குப் போனான். ஜன்னல் கம்பியைப் பற்றி எழுந்தான்.

மைதானம் நிரம்பியிருந்தது. ஆண்கள். பெண்கள். இமைக்காத கண்ணோடு மருந்துக்கடைக்காரர். அவர் மனைவி. மச்சினன். எல்லோரும் வட்டமாக. ஒரே சத்தம். வட்டத்தில் அவளும் இருந்தாள், ஈர முடி முகத்தில் ஒட்டியிருக்க.

அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். ஒருவர்கூட ஜன்னலைப் பார்க்கவில்லை.

அவர்கள் பார்த்தது நடுவில். அங்கே, ஓர் ஆள் நிற்குமளவு இடத்தில் மட்டும் மழை விழவில்லை.

அவள் வட்டத்தைவிட்டு விலகி அந்த இடத்தருகே போனாள். நின்றாள். யாரோ காதோடு பேசுவதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தாள். தலையாட்டினாள்.

பிறகு வட்டத்துக்குத் திரும்பி, முன்னைவிட வேகமாக ஓடத் தொடங்கினாள்.