ஒத்திகையில் சொல்லாத வசனம்

நடு வரிசையில் ஒரே ஒரு நாற்காலி விரிந்து கிடந்தது. ஆள் எழுந்ததும் சுருள்வில் இழுத்துத் தானே மடிந்துகொள்ளும் நாற்காலிகள் அவை. காலியாக இருப்பது எப்படி விரிந்து கிடக்கும்? மேடையில் நின்ற டெலேனி, வில் அறுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே டெக்சஸ் வெயில் மண்டையைப் பிளக்க, பள்ளி அரங்குக்குள் பழைய திரையின் தூசியும் புதுப் பெயின்டின் நெடியும் தொண்டையில் இறங்க, சுவருக்கு அப்பால் உடற்பயிற்சிக்கூடத்தில் முழங்கிய முரசு பலகைத் தரை வழியாக அவள் உள்ளங்கால்களில் அதிர்ந்தது.

பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் வாரம் அது. பள்ளியே அந்தக் கூடத்தில் திரண்டு ஆடிக்கொண்டிருந்தது. நாளை மதியம் நாடகம். திக்குவாய்ப் பெண்ணான டெலேனி கதாநாயகி ஆனதில், அந்த வேடத்துக்கு ஆசைப்பட்ட சக மாணவி பிரின்லீக்கு வயிறு பற்றி எரிந்தது.

நாடகத்தின் கடைசி வசனத்தை ஒத்திகையில் சொல்லக் கூடாது. பார்க்கிறவர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் யாரும் மீறாத வழக்கம் அது. ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடம் வந்ததும் ஆசிரியை மிஸ் ஓக்ஸ் கைதட்டி நிறுத்திவிடுவார். மற்றவர்களுக்கு என்ன போச்சு? வசனம் 'க'வில் தொடங்கியது. டெலேனியின் வாயில் எப்போதும் மாட்டிக்கொள்ளும் எழுத்து அது.

இன்று காலை பிரின்லீ வழிமறித்தாள். விழாவுக்காக நெஞ்சில் குத்தியிருந்த பெரிய சாமந்திப் பூவும் ரிப்பன்களும் குட்டி மணிகளும் குலுங்கின.

"நாளைக்கு ஊரே வந்து உக்காந்திருக்கும். நீ க-க-கன்னு கோழி மாதிரி நிப்ப. கவலப்படாதடி, நான் வந்து முடிச்சு வைக்கிறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் டெலேனியின் காதில் எரிந்தது. அதனால்தான் யாருக்கும் தெரியாமல் வந்திருந்தாள். ஒரே ஒரு முறை சொல்லிப் பார்க்க வேண்டும். காலி அரங்கில் யார் கேட்கப் போகிறார்கள்?

கடைசிக் காட்சியைத் தொடங்கினாள். செத்துப்போனவர்களுக்காக வாசலில் காத்திருக்கும் பெண்ணின் பேச்சு. பாதியில் ஒரு கிறீச்சொலி. இப்போது நான்கு நாற்காலிகள் விரிந்திருந்தன. இருட்டில் எங்கோ குட்டி மணி ஒன்று குலுங்கியது.

"பிரின்லீ, நீதான்னு தெரியும். வெளிய வாடி."

பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. இப்போது ஓடினால் நாளை பள்ளி முழுக்க அதே பேச்சாகிவிடும். ஓட மாட்டாள். பேச்சைத் தொடர்ந்தாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கிறீச்சொலி. பின் வரிசை. அதற்கு முன் வரிசை. சாமந்தி வாடை அடித்தது. புதுப் பூ இல்லை. அழுகியது.

முரசு நின்றிருந்தது. எப்போது நின்றது?

எல்லா நாற்காலிகளும் விரிந்திருந்தன. யாரும் தெரியவில்லை. ஆனால் அரங்கு நிறைந்திருந்தது. கடைசி வசனம் மட்டும் பாக்கி.

வேண்டாம் என்று நினைத்தாள். வாய் திறந்துவிட்டது.

"க... க..."

இருட்டு மொத்தமும் ஒரே மூச்சில், பரிவாக, எடுத்துக் கொடுத்தது.

"கதவு."

பழக்கதோஷம். எடுத்துக் கொடுத்த சொல்லை நாக்கு பிடித்துக்கொண்டது.

"கதவு தெறந்துதான் இருக்கு. எல்லாரும் வீட்டுக்கு வாங்க."

திக்கவில்லை. ஒரு எழுத்துகூட. ஒரு கணம் டெலேனிக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டியது.

அத்தனை நாற்காலிகளும் ஒரே நேரத்தில் படீரென்று மடிந்தன.

எழுந்துவிட்டார்கள்.

மேடைப் படிகள் முனகின. நிறையக் கால்கள். அவசரமில்லாத கால்கள். அவளால் அசைய முடியவில்லை. இடது கையை யாரோ பிடித்தார்கள். பிறகு வலது கையை. ஈரக் கைகள். நாடகம் முடிந்தால் கைகோத்து வரிசையாக வணங்க வேண்டும். அதுவும் வழக்கம்தான். கைகள் கீழே இழுத்தன. குனிந்தாள். நிமிரப் பார்த்தாள். விடவில்லை.

குனிந்தபடியே பக்கவாட்டில் பார்த்தாள். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வளைந்த முதுகுகள். முகங்கள் மட்டும் திரும்பி, சிரித்தபடி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.