ஆமைப்பாறைக்குத் தண்ணீர்

"யாரு போறா?"

ஊர்த்தலைவர் பட்டங்கட்டி மூன்றாவது முறையாகக் கேட்டார். ஆமைப்பாறையில் ஒதுங்கியிருந்த அறுபத்திரண்டு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசிப் பானையில் இருந்த தண்ணீரைக் காலையிலேயே பிள்ளைகளுக்குக் கொடுத்தாகிவிட்டது. சுற்றிலும் கடல்; தலைக்கு மேல் வெயில்; கண்ணுக்கெட்டிய தூரத்தில் அவர்களுடைய சொந்த ஊர் முள்ளிக்கரை. அங்கே போக முடியாது. கரை முழுக்கப் பாளையத்தாரின் வேல்காரர்கள் நின்றார்கள்.

முத்துக் குளிக்கிற தொம்மைக்கு இதெல்லாம் எப்படி நடந்தது என்று இன்னும் பிடிபடவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்பு வரை அவன் பெயர் கடலமுத்து. ஒரு நாள் ஊரோடு சேர்ந்து வேதத்துக்கு மாறி, தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டான். மறுநாள் தொம்மை ஆகிவிட்டான். வீதியில் யாராவது "தொம்மை" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வருடம் தேர் இழுக்க முள்ளிக்கரை ஆட்கள் வரவில்லை என்று பாளையத்தாருக்குக் கோபம். "பழைய சாமிக்குத் திரும்புங்கள், இல்லையென்றால் கரையை விட்டு ஓடுங்கள்" என்று ஆணை வந்தது. வேல் பிடித்து வந்தவர்களில் பாதிப் பேர் போன வருடம் அவனோடு தோளோடு தோள் நின்று அதே தேரை இழுத்தவர்கள். அவர்களுக்குப் பயந்துதான் இப்போது பாறையில் உட்கார்ந்திருக்கிறான்!

தண்ணீர் கொண்டுவர உபதேசியார் சந்தியாகு இரண்டு நாளைக்கு முன்பு ஒரு கட்டுமரத்தில் கிளம்பிப் போயிருந்தார். கழுகுமுனைக் குகைக்குள் ஒரு நல்ல தண்ணீர் ஊற்று உண்டு. போனவர் திரும்பவில்லை. இன்று காலை வேல்காரர்களின் படகு ஒன்று பாறைக்குப் பக்கத்தில் வந்து கத்திவிட்டுப் போனது: "உங்க உபதேசியாரு விட்டுட்டாரு! பழைய சாமிக்கே வாரேன்னு வாயால சொல்லிட்டாரு! நீங்க எதுக்குக் காயுதீக?"

அதிலிருந்து பாறை மூன்றாகப் பிரிந்து கிடந்தது. "அவரே சொல்லிட்டார்னா நாமளும் போயிரலாம்" என்றார்கள் சிலர். "துரோகி!" என்றார்கள் சிலர். "பொய்யா இருக்கும்" என்றார்கள் மிச்சம் பேர். தொம்மை மூன்று பக்கமும் தலையாட்டினான். மூன்றுமே சரியாகத்தான் பட்டது.

"நான் போறேன்." எழுந்தவள் உபதேசியாரின் மனைவி கத்தரீன். "தண்ணியும் வேணும், நெசமும் தெரியணும். வள்ளம் நான் பிடிப்பேன். முங்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்."

எல்லோருடைய பார்வையும் தொம்மை மேல் வந்து விழுந்தது.

"முங்குதேன்" என்றான் தொம்மை. "ஆனா கயிறு யாரு பிடிக்க?"

அந்தக் கரையில் முங்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். கயிறு நழுவினால் தாலி இழப்பது அவன் தங்கை அல்லவா! தொம்மையின் மச்சான் சுடலைமுத்து அதோ, பாறையின் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் தலையில் தண்ணீர் வார்த்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லி இருவருக்கும் சண்டை. ஐந்து மாதமாகப் பேச்சு இல்லை. நெற்றியில் திருநீற்றோடு நேராகக் கரைக்குப் போனால் அவனை யாரும் தொடமாட்டார்கள். இருந்தும் மூன்று நாளாக இங்கேதான் கிடந்து காய்கிறான். ஏன் என்பது தொம்மைக்கு விளங்கவே இல்லை.

சுடலைமுத்து திரும்பாமலே சொன்னான்: "வேற எவனாவது பிடிச்சு வுட்டுட்டான்னா? நானே வாரேன்."

*

வள்ளம் கிளம்பியது. தண்ணீர் பிடிக்க ஆறு தோல் துருத்திகள், ஒரு நீளக் கயிறு, இரண்டு துடுப்பு, உபதேசியார் போகும்முன் வரைந்து வைத்த ஓலை ஒன்று. அதுதான் வழி!

"மூணு பொந்து போட்டிருக்காவ" என்றாள் கத்தரீன். "வலது பக்கத்துப் பொந்துக்குள்ள ஊத்து."

தொம்மை ஓலையை வாங்கித் திருப்பினான். "எது மேல, எது கீழ? இப்படிப் பிடிச்சா இடதுல்லா வருது?"

"பட்டங்கட்டி நடுப் பொந்துன்னாரே!" என்றான் சுடலைமுத்து, கத்தரீனைப் பார்த்து.

மூவருமாக ஓலையை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் தெளியவில்லை.

கழுகுமுனைக்கு நேரே போக முடியவில்லை. மேட்டின் மேல் சமையல் புகை! வேல்காரர்கள் இருந்தார்கள். பாறைகளுக்குப் பின்னால் வள்ளத்தை ஒதுக்கி, அவர்கள் சாப்பிட்டு நிழலுக்குப் போகும்வரை காத்துக் கிடந்ததில் கடல் வற்றியிருந்த நேரம் கடந்துபோனது. வற்றும்போது இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து நுழையக்கூடிய பொந்துகள் இப்போது முழுக்க நீருக்கடியில். நாளை அமாவாசை வேறு. கடல் நேற்றைக் காட்டிலும் அதிகமாக ஏறும்.

"ஒரு இழு இழுத்தா கயிற வுடு. மூணு இழுத்தா தூக்கு" என்றான் தொம்மை. ஐந்து மாதத்தில் மச்சானிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றான் மச்சான்.

தொம்மை இடுப்பில் கயிற்றைக் கட்டினான். மூச்சை இழுத்தான். குதித்தான்!

நடுப் பொந்து. கைகளால் தடவித் தடவி உள்ளே போனான். ஒரே இருட்டு. பாறை குறுகியது, இன்னும் குறுகியது, முன்னால் சுவர்! திரும்ப இடமில்லை. நெஞ்சு வெடிப்பதுபோல் இருந்தது. யாரைக் கூப்பிட? பழைய பெயரில் பழைய சாமியையா? புதிய செபம் பாதிதான் மனப்பாடம். அதுவும் இப்போது ஒரு சொல் ஞாபகம் வரவில்லை. கை மட்டும் தானாகக் கயிற்றை மூன்று முறை இழுத்தது.

விருட்டென்று பின்னால் போனான். அடுத்த நொடி வெயிலில் கிடந்து இருமினான். சுடலைமுத்துவின் முகம் வெளுத்திருந்தது.

"நடு அடைஞ்சு கிடக்கு, வலதுதான்" என்று மூச்சு வாங்கினான் தொம்மை. "ஓலைய நீங்க சரியாத்தான் பிடிச்சிருந்தீக, அக்கா."

*

வலது பொந்து இரண்டு ஆள் நீளம். நீந்திப் போய்த் தலையைத் தூக்கினான். காற்று! மேலே கையகலப் பாறைப் பிளவு வழியாக வெளிச்சம் விழுந்தது. ஒரு மூலையில், கடல் ஏறாத உயரத்தில், ஊற்று சலசலத்தது. இன்னொரு மூலையில் இரண்டு தலைகள்.

ஒன்று உபதேசியார் சந்தியாகு. கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து இன்னொருவனின் தலையைத் தன் தோளில் தாங்கியிருந்தார். அந்த இன்னொருவன் பெரிய மீசைக்காரன். இடுப்பில் பாளையத்தாரின் சிவப்புக் கச்சை!

"யாரது, தொம்மையா? ஆண்டவருக்குத் தோத்திரம்! இவன் காலு பாறையில சிக்கிக்கிட்டுது. இவன் பேரு மாடப்பன். என்னைத் துரத்திக்கிட்டு வந்தான். மேல இருந்து கல்லு உருண்டுட்டுது."

"நீரு... ரெண்டு நாளா இங்கனயேவா?"

"தண்ணி ஏறும்போது இவன் மூக்கு வரைக்கும் வருது. பிடிச்சுக்கிடாட்டி முங்கிருவான்."

தொம்மை இன்னும் கிட்டே நீந்தினான். "அப்ப, நீரு விட்டுட்டீருன்னு கரையில சொல்லுதாவளே? பொய்யா?"

சந்தியாகு மாடப்பனின் தலையைத் தோளில் இன்னும் சற்று ஏற்றி வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "பொய்யில்ல. சொன்னேன். இவன் கூட்டாளிக மேல பிளவு பக்கம் நின்னு, 'விட்டுட்டேன்னு சொல்லு, ஆளோட கயிறோட வாரோம்'னாங்க. இவன் செத்துருவான்னு பயந்து சொன்னேன். கேட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டே போனாங்க. ஒருத்தனும் வரல."

"அது பாவமா, இல்லையா?"

"எனக்கே தெரியல தொம்மை. ராத்திரி பகலா அதத்தான் யோசிக்கேன்."

மாடப்பன் கண்ணைத் திறந்தான். "பச்சைத் தண்ணி கூட இவருதான் கையில அள்ளி ஊத்தினாரு" என்றான். "என் ஆளுக விட்டுட்டுப் போயிட்டானுவ."

"மொதல்ல தண்ணிய நிரப்பு" என்றார் சந்தியாகு. "அங்க பிள்ளைக காத்திருக்கு."

தொம்மை வள்ளத்துக்குத் திரும்பி, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, துருத்திகளோடு மூன்று முறை உள்ளே போய் வந்தான். முறைக்கு இரண்டாக ஆறு துருத்திகள் நிரம்பி வள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வந்த வேலை முடிந்தது! இப்படியே போய்விடலாம். உள்ளே தண்ணீர் மாடப்பனின் தாடையைத் தொட்டிருந்தது. அன்றைக்கு வேலால் விரட்டியவன். அவனைக் காப்பாற்றினால் நாளைக்கு மறுபடி விரட்டமாட்டான் என்று என்ன உறுதி? தொம்மை யோசித்துப் பார்த்தான். அதற்குள் கை ஒரு துடுப்பை எடுத்துவிட்டது.

"மச்சான், கல்லத் தூக்க நான் ஒருத்தன் போதாது. நீங்களும் வரணும்."

"கயிறு?"

"குடுங்க அண்ணே." கத்தரீன் கையை நீட்டினாள்.

சுடலைமுத்து கயிற்றைக் கொடுக்க மனமில்லாமல் நின்றான். "தாயி, உள்ள நாலு பேரு. நீ ஒத்த ஆளு. நழுவிச்சுன்னா..."

"உள்ள இருக்கது எம் புருசன். நழுவாது." கயிற்றைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, கால்களை வள்ளத்தின் பலகையில் ஊன்றிக்கொண்டாள்.

இருவரும் குதித்தார்கள்! துடுப்பைக் கல்லுக்கடியில் கொடுத்து நெம்பினார்கள். "ஏலேலோ!" கல் அசைந்தது, மறுபடி அமர்ந்தது. மாடப்பன் வாயில் தண்ணீர் புகுந்தது. சந்தியாகு அவன் தலையை விட்டுவிட்டு நீருக்குள் முங்கித் தன் தோளைக் கல்லில் கொடுத்தார். "இன்னும் ஒரு தடவ! ஏலேலோ!" துடுப்பு படாரென்று முறிந்தது. முறிவதற்குள் கால் வெளியே வந்துவிட்டது!

"எனக்கு நீந்தத் தெரியாதே!" என்று அலறினான் மாடப்பன்.

"மூக்கப் பொத்திக்கோ. என் இடுப்புக் கயிற விட்டுராத!" தொம்மை முன்னால், அவனைப் பிடித்து மாடப்பன், அவனைத் தள்ளிக்கொண்டு சுடலைமுத்து, கடைசியில் சந்தியாகு. தொம்மை மூன்று முறை இழுத்தான்.

பாதி வழியில் மாடப்பன் மிரண்டுபோனான். இடுப்பை விட்டுத் தொம்மையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். வழி அடைபட்டது! பின்னால் இருவர், முன்னால் இறுகிய பிடி. மூச்சு தீர்ந்தது. தொம்மைக்குக் கண் இருண்டது. அப்போது கயிறு இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. பின்னாலிருந்தும் யாரோ முட்டித் தள்ளினார்கள். எது யார் கை, எது யார் கால் என்று தெரியாமல் ஒரே உருண்டையாக வெளியே வந்து விழுந்தார்கள்.

கத்தரீனின் இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

"விட்டுட்டேன்னு சொன்னீகளா?"

"சொன்னேன் கத்தரீன்."

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். பிறகு மிச்சமிருந்த துடுப்பை எடுத்தாள்.

*

ஆமைப்பாறையில் தண்ணீரைக் கண்டு எழுந்த ஆரவாரம், சிவப்புக் கச்சையைக் கண்டதும் அடங்கியது. சந்தியாகு தட்டுத்தடுமாறி நடுவில் போய் நின்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "இனி நான் உங்களுக்கு உபதேசம் பண்ணலாமா, கூடாதான்னு நீங்களே சொல்லுங்க."

பட்டங்கட்டி தலையைச் சொறிந்தார். அப்போது காலையில் "துரோகி" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்திய பிரகாசியம்மாள் ஒரு சிரட்டையில் தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டினாள். "இதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல குடியும்." அடுத்த சிரட்டையை மாடப்பனுக்குக் கொடுத்தாள்.

அங்கே ஒன்று முடிவாயிற்று: கரைக்குப் போனால் எல்லோரும் சேர்ந்து போவது, ஒருவர் தனியாகப் போவதில்லை. மறுநாள் காலை, துருத்திகளில் தண்ணீர் தீர்ந்ததும், எல்லா வள்ளங்களும் ஒன்றாகக் கரைக்குப் புறப்பட்டன.

படைத்தலைவன் மணலில் காத்திருந்தான். பின்னால் நாற்பது வேல்கள்.

"பழைய சாமிக்குத் திரும்புறவன் இந்தப் பக்கம் வா! மாட்டேங்கிறவன் அங்கேயே நில்லு!"

தொம்மைக்கு ஓடலாமா என்று தோன்றியது. இடது பக்கம் பார்த்தான்: சந்தியாகு நகரவில்லை. "முன்னால நான் சொன்னது வாய்தான். இன்னைக்குச் சொல்லுதது காலு" என்றார் அவர். வலது பக்கம் பார்த்தான்: திருநீற்றோடு சுடலைமுத்து, அவனும் நகரவில்லை.

"ஏய் திருநீறு! நீயும் அவங்க ஆளா?"

"இல்லைங்க. எந் தங்கச்சி இங்க நிக்கா."

படைத்தலைவனின் பார்வை மாடப்பன் மேல் போனது. அவன் ஒற்றைக் காலில், ஒரு கையைச் சந்தியாகுவின் தோளிலும் மறு கையைத் தொம்மையின் தோளிலும் போட்டு நின்றான்.

"நீ செத்துட்டேன்னு சொன்னானுங்களேடா! அங்க என்ன பண்றே? இப்படி வா!"

"வர முடியாது, தலைவரே" என்றான் மாடப்பன். "இவுகள விட்டா நான் விழுந்துருவேன்."

வேல்காரர்கள் வரிசையில் ஒரு சலசலப்பு. "ஆள உள்ள விட்டுட்டு வந்தது யாருடா?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் தலையைக் குனிந்தான். தேர் இழுத்த நாட்களில் தொம்மையின் பக்கத்தில் நின்ற ஒருவன் தன் வேலை மணலில் குத்திவிட்டு ஒதுங்கி நின்றான். அதைப் பார்த்து மற்றொருவன். பிறகு மூன்றாமவன்.

படைத்தலைவன் வெகுநேரம் மீசையை முறுக்கினான். "வீட்டுக்குப் போங்க" என்றான் கடைசியில். "பாளையத்தார்கிட்ட நான் பேசிக்கிடுதேன். தேர் வழியில மட்டும் குறுக்க நிக்காதீங்க."

முள்ளிக்கரையின் கதவுகள் திறந்தன. அடுப்புகள் புகைந்தன. பிள்ளைகள் கிணற்றடியில் தண்ணீரை வாரி இறைத்துக் கூத்தாடினார்கள், யாரும் அதட்டவில்லை.

தொம்மைக்கு எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உபதேசியார் சொன்னது பாவமா என்று அவன் பின்னாளிலும் யோசித்ததுண்டு. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டான்: அன்று மணலில் அவனுக்குத் தைரியம் இருந்ததா என்றால், இல்லை. இரண்டு பக்கமும் ஆள் நின்றார்கள். அதனால் அவனும் நின்றான்.